கைக்கு வாய்த்த குமிழ்

நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் மலைகளைப் பற்றியும் மாகவிகளைப் பற்றியும் நாட்டுப் பணியைப் பற்றியும் நண்பர்கள் எழுதி வருகின்றனர். யான் எழுதத் துணிந்ததோ கோழிமுட்டையினும் சிறிதே பெரிய ஒரு பொருளைப் பற்றி. மோட்டார் வண்டியில் கியர் மாற்றும் தண்டின் தலையிலே உருண்டையாக ஒன்று இருக்கிறதன்றோ, ஓட்டுவோர் உள்ளங்கையாற் பொத்திப் பிடிப்பது? அதனைக் கழற்றி வேறொன்றை மாட்டிய வரலாறே இக் கட்டுரை. 'இதற்கும் ஒரு கட்டுரையா?' என்று படிப்போர் வினவுவராயின், அவ் வினாவை முதலில் வினவியவன் யானே என்பதை அறிவித்துக்கொண்டு மேலே செல்கின்றேன்.

அப் பொருளுக்குத் தமிழில் யாது பெயர்? எங்கள் ஊர்ப் பட்டறைகளில் 'கியர் நாப்' என்பர். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இருக்கும் எனக்கு அங்ஙனமே விட்டுவிட மனம் வரவில்லை. துறவியர் அணியும் பாதக்குறட்டில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே நிற்கும் மரக்கொண்டைக்குக் குமிழ் என்று பெயர். நீரின்மேல் எழுவது குமிழி. பண்டைப் புலவர் மகளிர் மூக்குக்கு உவமையாக எடுத்தாண்ட மலர் குமிழமலர். உருண்டு திரண்டு மேலெழுந்து நிற்பன இங்ஙனம் பெயர் பெறுதலால், கியர்த் தண்டின் தலையையும் குமிழ் என்றே வழங்குகின்றேன். எம் ஆசிரியர் இதனை ஒப்புவரோ மாட்டாரோ, அது தேர்வுக்குப் பின் தெரியும்.

நிற்க. என் தாய்மாமன் இங்கிலாந்து தேயத்துக் கவென்ட்ரி நகரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகின்றார். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் கிறிஸ்துமஸ் பண்டிகையை முன்னிட்டு அவரது இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். மாமாவினிடத்து ஒரு வண்டி உண்டு. 1991-இல் செய்யப்பெற்ற சிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5. இருக்கை இரண்டே, கூரை துணி, எஞ்சின் 1600 கன சென்டிமீட்டர், முன்னோக்கிச் செல்லக் கியர் ஐந்து. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லக்கேட்டு யாதோ விமானம்போல் இருக்கும் என்று எண்ணிச் சென்ற எனக்கு, அஃது இரண்டு பேர் காலை நீட்டி அமரும் ஒரு சிறு படகுபோற் காணப்பட்டது. 'இதில் ஏறி அமர்வதன்று, இதனை உடுத்துக்கொள்வது' என்றார் மாமா.

இவ் வண்டியின் வரலாறு சுவையுடையது. சிறிய, இலேசான, திறந்த இருவர் வண்டிகளைச் செய்வதில் ஒருகாலத்தில் ஆங்கிலேயரே பெயர் பெற்றிருந்தனர். அவற்றுள் ஒன்றாகிய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கவென்ட்ரியைச் சார்ந்த கான்லித் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பெற்றது. ஆபிங்டனில் எம்.ஜி. வண்டிகளைச் செய்துவந்த தொழிற்சாலையும் அதே 1980-இல் மூடப்பட்டது. கடை காலியாயிற்று. ஒன்பதாண்டு கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ நகரக் கண்காட்சியில் ஜப்பானியர் இந்த எம்.எக்ஸ்.-5 வண்டியைக் கொணர்ந்து நிறுத்தினர். லோட்டஸ் எலான் முதலிய பழைய ஆங்கில வண்டிகளைப் பார்த்துப் பார்த்துப் பயின்று, அவற்றின் எண்ணெய்க் கசிவை மட்டும் பயிலாமல் விட்டனர் என்று சொல்லி நகைப்பர். குதிரையும் குதிரை வீரனும் ஓருடலாதல் என்னும் பொருளுடைய ஒரு ஜப்பானியத் தொடரை இவ் வண்டியை ஆக்கியோர் தம் குறிக்கோளாக வைத்துக்கொண்டனராம். 2016-க்குள் பத்து இலட்சம் வண்டிகள் ஆகிவிட்டன. அவையெல்லாம் ஹிரோஷிமா நகரைச் சார்ந்த ஆலையில் வளர்ந்தவை. ஹிரோஷிமாவின் வண்டி கவென்ட்ரியின் தெருவில் நிற்பதைக் காணுந்தோறும் எனக்கு வேறோர் எண்ணமும் உண்டாகும். 1940 நவம்பர் 14 இரவில் எரிந்த நகரம் ஒன்று, 1945 ஆகஸ்டு 6 காலையில் எரிந்த நகரம் மற்றொன்று. அவ் வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும் மாமாவுக்கு இவ் வெண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

குதிரைக்கும் வீரனுக்கும் இடையே கடிவாளம் எப்படியோ, அப்படியே இங்குக் குமிழ். வண்டியில் மற்றவற்றையெல்லாம் நாம் சாதனங்கள் வழியாகவே உணர்கின்றோம். கியர்த் தண்டோ இவ் வண்டியில் நேரே கியர்ப் பெட்டிக்குள் இறங்குகின்றது. உள்ளே பற்சக்கரம் பூட்டுவதும் விடுவதும் உள்ளங்கைக்கு உடனே தெரியும். இன்பம் எங்கே தெரியுமோ நோவும் அங்கேதான் தெரியும் என்பதை மாமாவின் கை கண்டுகொண்டது.

அவருக்கு முடக்குவாதம். உடலைக் காக்கவேண்டிய ஆற்றலே மூட்டுக்களின் உறையைப் பகையென்று மயங்கித் தாக்கும் நோய் அது. விரல்களின் அடிமூட்டுக்கள் வீங்கும். காலையில் எழுந்தவுடன் கை ஒரு மணி நேரம் தன் கையாக இராது. வாரம் ஒருமுறை மெதொட்ரெக்சேட் மாத்திரை உண்கின்றார். அதனால் நோய் அடங்கியிருக்கின்றது, அகன்றுவிடவில்லை. அவருக்கு இடக்கை வலக்கையினும் மோசம். இங்கிலாந்தில் ஓட்டுவோர் நம் நாட்டிற்போலவே வலப்புறம் அமர்தலின், கியர் மாற்றுவது அந்த இடக்கையே. நோயை உரிம அலுவலகத்துக்கு முறைப்படி அறிவித்து, ஓட்டலாம் என்னும் இசைவையும் பெற்றிருந்தார். அலுவலகம் இசைந்தது, விரல்கள் இசையவில்லை. ஒருநாள் இரவு குடும்ப ஜெபத்தில் சூம்பின கையையுடைய மனிதனைப் பற்றிய வேதபாகம் வாசிக்கப்பட்டது. ஜெபம் முடிந்தபின் மாமா மெல்ல, 'அவனுக்குக் கையை நீட்டினாற் போதுமாயிருந்தது, மருமகனே! எனக்கு இரண்டாவது கியர் போடவேண்டும்' என்றார். அத்தை நகைக்கவில்லை.

இரண்டாவது கியரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கியர்த் தண்டைச் சும்மா விட்டால் உள்ளிருக்கும் சுருள்வில் அதனை நடுவே, மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட வழியில், கொணர்ந்து நிறுத்தும். ஆகையால் மூன்றும் நான்கும் எளியன. உள்ளங்கையால் முன்னே தள்ளுவது ஒன்று, இரு விரலால் பின்னே இழுப்பது மற்றொன்று. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் தண்டை அவ் வில்லின் வலிமைக்கு எதிராக இடப்புறம் ஒதுக்கி, ஒதுக்கியபடியே பற்றி இழுக்கவேண்டும். அதன்மேலும் ஒன்று. சுழலும் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தை ஒப்பாக்கிப் பின் பூட்டுவதற்கு உள்ளே வளையங்கள் உள்ளன. 1928-இல் அமெரிக்கக் காடிலாக் வண்டியில் இவ்வமைப்பு வருமுன் ஓட்டுவோர் கிளட்சை இருமுறை மிதித்துத் தாமே வேகத்தை ஒப்பாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. குளிர்காலத்துக் காலையில் பெட்டியிலுள்ள எண்ணெய் தடித்துக் கிடக்கும். வளையம் அவ்வெண்ணெய்ப் படலத்தைக் கடந்து பற்றுவதற்கு நேரமாகும். இரண்டாவது கியர் பிணங்கும். முதுமையடைந்த இவ் வகை வண்டிகளுக்கெல்லாம் இது பொதுவான குணம் என்பர். எனவே வண்டி எந்த நேரத்தில் மிகவும் பிணங்குமோ அதே நேரத்தில் மாமாவின் விரல்களும் பிணங்கின. அத்துணைக்கும் மேல் அந்தக் குமிழ்!

முன்னே அவ் வண்டியை வைத்திருந்த ஒருவர் அதற்குரிய பழைய குமிழை எறிந்துவிட்டு, மெருகிட்ட அலுமினியப் பந்து ஒன்றைப் பொருத்தியிருந்தார். குறுக்களவு 45 மில்லிமீட்டர். காட்சிக்கு அழகுதான், நிலாப்போல் இருக்கும். டிசம்பர்க் காலையில் அதனைத் தொட்டுப் பார்த்தேன். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன். அருகிலிருந்த கைப்பிடியின் பிளாஸ்டிக்கும், இருக்கையின் துணியும் அவ்வாறு சுடவில்லை. (குளிரும் சுடும் என்பதை நம் ஊரில் இருந்துகொண்டு யான் நம்பியிரேன்.) இரவு முழுதும் ஒரே வண்டிக்குள் கிடந்த இவையெல்லாம் ஒரே குளிர்ச்சியையே உடையன. வேறுபாடு பொருளின் குளிர்ச்சியில் இல்லை. அது நம் கையிலிருந்து வெப்பத்தை வாங்கிச் செல்லும் விரைவில் இருக்கின்றது. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் மரத்தினும் ஆயிரம் மடங்குக்குக் குறையாது. மரமோ தொட்ட இடத்தில் மட்டும் சூடேறி அங்கேயே நின்றுவிடும். பந்தோ கையின் சூட்டை உறிஞ்சித் தன் உடலெங்கும் பரப்பிக்கொண்டு, 'இன்னும் கொடு' என்னும். கோடையில் கூரையைத் திறந்து வெயிலில் நிறுத்தினால் இதே கணக்கு மறுதலையாகும். அத்தை பரிதாபப்பட்டு ஒரு கம்பளிக் காலுறையை அப் பந்தின்மேல் மாட்டிவிட்டார். காலுறைக்குள் பந்து வழுக்கிச் சுழன்றது. வழுக்குவதைப் பற்ற விரல்கள் மேலும் இறுகவேண்டியதாயிற்று. நோவு இரட்டித்தது.

அத்தையின் கட்சி வேறு. 'வண்டியை விற்றுவிட்டுத் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி ஒன்றை வாங்குங்கள். இக்காலத்தில் யார் கையால் கியர் மாற்றுகிறார்கள்?' என்பது அவர் வாதம். அது தள்ளத்தக்க வாதமும் அன்று. எம்.எக்ஸ்.-5 சிகாகோவில் தோன்றிய அதே 1989-இல், அடுத்த மாதமே, பிரேசில் நாட்டுப் போட்டியில் நைஜல் மேன்சல் ஓட்டி வென்ற ஃபெராரி 640 வண்டியில் கியர்த் தண்டே இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னே இரண்டு சிறு தகடுகள் மட்டுமே. சில ஆண்டுகளுள் அவ் வகைப் போட்டி வண்டிகள் அனைத்தும் அவ்வழியே சென்றன. கார் உலகின் அரசர்களே கைவிட்ட தண்டைக் கவென்ட்ரியில் ஒரு செவிலியர் வீங்கிய விரல்களோடு ஏன் பற்றிக்கொண்டிருக்க வேண்டும்? மாமா விடை கூறவில்லை. ஜனவரி 4-ஆம் நாள் ஒருவர் வண்டியைப் பார்க்க வருவதாகப் பேசியாகிவிட்டது என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

குமிழை மாற்றினால் என்ன என்ற எண்ணம் யாருக்கு முதலில் தோன்றிற்று என்று உறுதியாகச் சொல்ல இயலாது. பண்டிகைக்கு மறுநாள் அது வீட்டில் எல்லார் வாயிலும் இருந்தது. குமிழ் ஆராய்ச்சி ஆழமானது என்பதை அடுத்த இரண்டு நாளில் மாமாவும் யானும் கண்டோம். 1969-இல் போர்ஷே நிறுவனத்தார் 917 என்னும் போட்டி வண்டியைச் செய்தபோது, எடையைக் குறைக்கும் வெறியினால் கியர்க் குமிழைப் பால்சா மரத்தில் கடைந்து வைத்தனர். நாம் பள்ளியிற் சிறு விமானம் செய்வதற்குக் கொள்ளும் அந்தக் காற்றுப்போன்ற மரமேதான். 1970-இல் அவ் வகை வண்டியே லெமான்ஸ் இருபத்து நான்கு மணி நேரப் போட்டியில் வென்றது. பின்னர் அந் நிறுவனத்தார் கரேரா ஜி.டி. என்னும் வண்டியைச் செய்தபோது, முன்னதன் நினைவாகவே அதற்கு மரக்குமிழ் வைத்தனர். ஜப்பானிய ஹோண்டாவோ 1992-இல் வெளியிட்ட என்.எஸ்.எக்ஸ். டைப் ஆர் வண்டிக்கு டைட்டேனியத்தால் குமிழ் செய்தது. மாமாவின் வண்டிக்கே 1990-இல் ஜப்பானில் ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. அதற்கு இத்தாலிய நார்டியின் மர ஸ்டியரிங் சக்கரமும் மரக்குமிழும் இருந்தன.

ஒருசாரார் இலேசான குமிழே நன்று என்பர். பிறர் கனமான குமிழே நன்று என்பர். கனத்தை விரும்புவோர் கூறும் காரணம் நம் வீட்டுப் பெண்டிர்க்கு விளக்கவேண்டாதது. கனமான உலக்கை தானே குத்தும். இலேசான உலக்கைக்குக் கை குத்தவேண்டும். தண்டின் தலையில் கனம் இருந்தால், ஒருமுறை நகர்த்திவிட்ட குமிழ் தன் ஓட்டத்தினாலேயே வளையத்தின் தடையைக் கடந்து செல்லும். விரல்களுக்கு வேலை குறையும். எதிர்க்கட்சியார், அக் கனம் உள்ளே நடப்பதைக் கைக்குத் தெரியாமல் மறைத்துவிடும் என்பர். மாமாவின் விரல்களை எண்ணி, கனக் கட்சியிற் சேர்ந்தோம். இணையத்தில் ஒரு வணிகரிடம் அரைக் கிலோ எடையுள்ள எஃகுக் குமிழ் ஒன்றை வருவித்தோம். 'எல்லா ஜப்பானிய வண்டிகளுக்கும் பொருந்தும்' என்று அதன்மேல் எழுதியிருந்தது.

அது பொருந்தவில்லை. நல்லவேளையாக, பழைய பந்தைக் கழற்றுமுன் அதனைப் பக்கத்து வீட்டு முதியவரிடம் காட்டினோம். அவர் இளமையில் கான்லித் தொழிற்சாலையின் கருவிப்பட்டறையில் வேலைசெய்தவர். கடைசல் இயந்திரம் ஒன்று அவர் வீட்டுக் கொட்டகையில் இன்னும் இருக்கின்றது. சீப்புப்போன்ற மரை அளவி ஒன்றைக் குமிழின் துளையுள் வைத்து ஒரே நொடியில், 'இது ஹோண்டாவுக்கு உரியது' என்று கூறிவிட்டார். துளை 10 மில்லிமீட்டர்தான். மாமாவின் தண்டும் 10 மில்லிமீட்டர்தான். மரையின் இடைவெளியோ வேறு. மாஸ்டாத் தண்டில் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர்; இக் குமிழில் 1.5. இரண்டு சுற்றுக்குள் அரை மில்லிமீட்டர் வேறுபட்டுவிடும். அதன்பின் இறுகும். இறுகுவதைப் பொருந்துவதாக எண்ணி வலிந்து திருகினால் தண்டின் மரை முழுதும் மழுங்கிப்போகும். நம் ஊரில் அறிவு திரிந்தவனை மரை கழன்றவன் என்கிறோமன்றோ! அத் தொடரின் பொருள் எனக்கு அன்றுதான் கண்ணெதிரே விளங்கிற்று. குமிழைத் திருப்பி அனுப்பினோம். வணிகர் விலையைத் தந்துவிட்டார். தபாற் செலவைத் தரவில்லை.

அன்று டிசம்பர் 29. ஜனவரி 4-க்கு எத்தனை நாள் என்று மாமா நாட்காட்டியைப் பார்த்ததை அத்தையும் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

முதியவர் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். 'உன் கைக்கு விற்பனைக்கு வருவது எதுவும் உதவாது' என்றார். மறுநாள் தம் பேரக்குழந்தைகள் விளையாடும் பிசைமாவுக் களிமண் ஒரு உருண்டையைக் கொண்டுவந்து, வண்டியில் மாமாவை அமர்த்தி, அப் பந்தின்மேல் அக் களிமண்ணை அப்பி, கியர் மாற்றச் சொன்னார். முதலில் ஓட்டமில்லாமலே ஒன்று, இரண்டு, மூன்று என்று மாமா மாற்றினார். களிமண் நோவுள்ள விரல்களுக்கு வழிவிட்டு நோவில்லாத உள்ளங்கையின் கீழே திரண்டது. ஐந்தாறு முறை மாற்றியபின் அது பந்தாக இல்லை; ஒரு பேரிக்காய்போல் மேலே அகன்று கீழே குறுகி, ஒருபுறம் சற்றுத் தட்டையாக நின்றது. அகன்ற பகுதி 55 மில்லிமீட்டர். மூட்டு நோயுடையோர்க்குக் கரண்டி முதலியவற்றின் பிடியைத் தடிப்பாக்குக என்று மருத்துவமனைகளில் சொல்வதுண்டு. விரல் மடங்கவேண்டிய அளவு குறையும், பிடிக்கும் வேலை உள்ளங்கைக்குப் போகும். மாமா எத்தனை நோயாளிகளுக்கு அதனைத் தம் வாயாற் சொல்லியிருப்பார்!

எம்மரம் என்ற கேள்வி வந்தது. குமிழைக் குமிழமரத்தில் கடைந்தால் எத்துணை அழகு என்று யான் என் சொல்லாராய்ச்சியை ஆங்கிலத்தில் முதியவருக்கு விரித்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அம்மரம் உறுதியுடையதா என்றார். இலேசானது, எளிதிற் செதுக்கப்படுவது என்றேன். 'அப்படியானால் சொல்லை நீ வைத்துக்கொள்' என்று கூறி, பழைய தச்சுமேசை ஒன்றின் காலாயிருந்த பீச்சு மரத்துண்டை எடுத்தார். கடைசல் இயந்திரம் சுழன்றது. உருண்டையானவற்றையே அது ஆக்கும். ஆதலின் பேரிக்காயின் வடிவை இயந்திரத்திலும், தட்டையான புறத்தைப் பின்னர் அரத்தாலும் தேய்ப்புத்தாளாலும் உருவாக்கினார். களிமண் உருவத்தை அருகே வைத்து அடிக்கடி அளவு பார்த்துக்கொண்டார். உள்ளே பித்தளை உருளை ஒன்றைப் பதித்து, அதிலே 1.25 இடைவெளியில் மரை வெட்டினார். மரத்திலேயே மரை வெட்டினால் சில மாதத்தில் தேய்ந்துவிடும். பித்தளை நிலைக்கும், வேண்டிய கனத்தையும் தரும். அத்தையின் சமையல் தராசில் நிறுத்தோம். 150 கிராமுக்குச் சிறிது குறைவு. அலுமினியப் பந்தினும் கொஞ்சம் கூடுதல். அரைக் கிலோ எஃகுக்கு எங்கோ கீழே. 'நடுத்தரம்' என்றார் முதியவர். வார்னிஷ் பூசவில்லை, அது வழுக்கும் என்று ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை தேய்த்து ஊறவைத்தார். இதற்கெல்லாம் நான்கு நாள் ஆயின. இடையில் புத்தாண்டு ஆராதனைக்கு மட்டும் வேலை நின்றது.

ஜனவரி 3 காலையில் பழைய பந்தைக் கழற்ற முயன்றோம். அது அசையவில்லை. எத்தனையோ ஆண்டாக எஃகுத் தண்டோடு ஒட்டிக் கிடந்தது. இடுக்கியாற் பற்றித் திருகுவோம் என்றேன். தண்டு வளைந்தால் உள்ளிருக்கும் பெட்டிக்குக் கேடு என்று முதியவர் தடுத்துவிட்டு, வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியைப் பந்தின்மேற் சுற்றினார். வெப்பத்தால் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். எனவே துளை தண்டினும் மிகுதியாக அகன்று பிடி தளரும். துணியை இரண்டு மூன்று முறை மாற்றினோம். கதகதப்பேறிய அப் பந்தை மாமா தம் இடக்கையாற் பொத்திக்கொண்டு, 'இது எனக்கு இதம் தந்தது இன்றுதான்' என்றார். பின் ரப்பர்க் கையுறை அணிந்து, கடிகார முள்ளுக்கு எதிராக ஒரு திருகு. கழன்றது.

புதியதை மாட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. உருண்டைப் பந்துக்கு முன்புறம் பின்புறம் இல்லை. இதற்கோ தட்டையான புறம் உள்ளங்கைக்கு நேராக வந்து நிற்கவேண்டும். எட்டுச் சுற்றில் 10 மில்லிமீட்டர் இறங்கிக் குமிழ் எங்கே இறுகுமோ அங்கே அதன் முகம் எத்திசை நோக்கும் என்பது தெய்வச்செயல். ஆதலால் முதலில் தண்டில் ஒரு நட்டைத் திருகி, குமிழை வேண்டிய முகத்தில் நிறுத்தி, கீழிருந்து நட்டை மேலேற்றி இறுக்கவேண்டும். கால் சுற்றுத் திருப்பினால் உயரம் மாறுவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே, கைக்குத் தெரியாது. முகம் மாறுவதோ தெரியும். மாமா கண்ணை மூடிக்கொண்டு கையை வைப்பார், 'இன்னும் கொஞ்சம் இடப்புறம்' என்பார், யான் திருப்புவேன். இவ்வாறு ஏழெட்டு முறை. பின் நட்டை இறுக்கினோம். தோலுறையை மேலே இழுத்து மூடியதும் வேலை முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வழக்கமாகப் புதுக் குமிழ்களின் தலையில் கியர்களின் இருப்பிடத்தைக் கோடிட்டு எண்ணிட்டுப் பொறிப்பர். முதியவர் அது வேண்டுமா என்றார். பதினோராண்டாக ஓட்டும் வண்டியில் இரண்டாவது கியர் எங்கே இருக்கிறதென்று தமக்கு எழுதிக்காட்ட வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். அது எங்கே இருக்கிறதென்பதை அவர் மூட்டுக்களும் அறியும்.

முதல் ஓட்டத்துக்கு யாரை அழைத்துச் செல்வது? இருக்கை இரண்டே அன்றோ. யான் கதவருகே நின்றேன்; முதியவருக்கும் ஆசை இருந்திருக்கும். மாமா வீட்டுக்குள் சென்று அத்தையை அழைத்தார். அத்தை, 'நாளைக்கு வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்ப்பார், எனக்கு எதற்கு?' என்றார். எனினும் மேற்சட்டையை அணிந்துகொண்டு வந்தமர்ந்தார். புல்லின்மேல் வெண்பனி உறைந்திருந்தது. அலுமினியப் பந்து இருந்திருந்தால் தொடவொண்ணாத காலை.

வண்டி கெனில்வர்த் சாலையை நோக்கித் திரும்பி, வேலியின் பின்னே மறைந்தது. முதியவரும் யானும் வாயிலில் நின்று காதைக் கொடுத்தோம். கண்ணுக்குத் தெரியாத வண்டியைக் காது நன்கு பார்க்கும். எஞ்சினின் ஒலி ஏறிக்கொண்டே வந்து, சட்டென்று நின்று, தாழ்ந்து மீண்டும் ஏறத் தொடங்கும் அந்த இடைவெளியிலேதான் கை இருக்கின்றது. முன்னாட்களில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே மாமாவின் வண்டி நெடுமூச்சு விடுவதுபோல் நிற்கும்; கியர் விழுமா விழாதா என்று வீட்டுக்குள் இருக்கும் அத்தைக்கே தெரியும். இப்பொழுது ஒலி ஏறிற்று, தாழ்ந்தது, உடனே ஏறிற்று. முதியவர் விரலொன்றை உயர்த்தி, 'இரண்டு' என்றார். சிறிது பொறுத்து, 'மூன்று' என்றார். நான்கு எங்களுக்குக் கேட்கவில்லை, காற்று மாறிவிட்டது.

அரைமணி கழித்துத் திரும்பி வந்தனர். மாமா வண்டியை நிறுத்திய பின்னும் கையைக் குமிழிலிருந்து எடுக்கவில்லை. அத்தை இறங்கி, பனியால் ஈரமான கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நாளை வருவதாகச் சொன்னவரின் தொலைபேசி எண்ணை எந்தத் தாளில் எழுதிவைத்தீர்கள் என்று கேட்டார்.